ஒப்பரேசனுக்குப் பிறகு வாற சத்திக்கு அம்மா இவ்வளவு பயப்பிடுறது நியாயமா?

தங்கச்சி, நீங்க எழுதினதை ஒருக்கா நானே திருப்பிச் சொல்லுறன், மற்றாக்களுக்கும் விளங்கட்டும். அம்மாக்கு 52 வயசு, சீனி வருத்தம் இருக்கு, பித்தப்பைக் கல்லுக்கு அடுத்த மாசம் லெப்ரஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டை போட்டுக் கமராவால பாத்துச் செய்யிற ஒப்பரேசன். முந்தி கர்ப்பப்பை எடுத்த நேரம் ரெண்டு நாளாச் சத்தி எடுத்துக் களைச்சுப் போயிட்டா. இப்ப "வெட்டு நோவைத் தாங்குவன், அந்தச் சத்தியை இன்னொருக்காத் தாங்கமாட்டன், ஒப்பரேசனே வேணாம்" எண்டு நிக்கிறா. வாட்டில கேட்டதுக்கு "அது எல்லாருக்கும் வாறதுதான்" எண்டு ஒரு வரியில முடிச்சிட்டாங்க. காசு குடுத்து வெளியில நல்ல ஊசி வாங்கினாப் பிரயோசனம் இருக்குமோ எண்டும் கேட்டிருக்கிறீங்க. ஆனா உங்கட உண்மையான கேள்வி ஊசியைப் பற்றினது இல்லை எண்டுதான் எனக்குப் படுது. அம்மா ஒரு சின்ன விசயத்தைப் பெரிசாக்கிறாவா, இல்லாட்டி டொக்டர்மார் ஒரு பெரிய விசயத்தைச் சின்னதாப் பாக்கிறாங்களா, அதுதான் கேள்வி. நான் கிழக்கு மாகாணத்து ஆஸ்பத்திரிகள்ல மயக்க மருந்துப் பிரிவில கன வருசமா வேலை செய்யிற ஆள், அந்த அனுபவத்திலயும் படிச்சதிலயும் இருந்து சொல்லுறன்: அம்மா பெரிசாக்கேல்லை.

இதை நான் ஆறுதலுக்குச் சொல்லேல்லை, அளந்து பாத்திருக்கிறாங்க. 1999இல அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட் பக்கம் ஒரு ஆய்வு நடந்தது, ஒப்பரேசனுக்குப் போகப்போற 101 பேரிட்ட, மயக்க மருந்துக்குப் பிறகு வரக்கூடிய கரைச்சல்களை ஒவ்வொண்டாச் சொல்லி, உங்கட கையில 100 டொலர் இருக்கெண்டு வைச்சுக்கொள்ளுங்க, எதைத் தவிர்க்க எவ்வளவு குடுப்பீங்க எண்டு பிரிக்கச் சொன்னாங்க. சத்திதான் முதலாவதா வந்தது. மூச்சுக்குழாயில வைச்ச ரியூப் தொண்டையில அடைச்சு ஓங்காளிக்கிறது ரெண்டாவது, வெட்டுக் காய நோவு அதுக்கும் பிறகு மூண்டாவது. நோவை விடச் சத்தியைத் தவிர்க்கத்தான் சனம் கூடக் காசு ஒதுக்கிச்சு, அம்மா சொன்னதும் அதேதான். பிறகு 2001இல இன்னொரு அமெரிக்க ஆய்வு, அண்டைக்கே வந்து அண்டைக்கே வீட்டுக்குப் போற 80 நோயாளியள், சத்தியும் வயித்துப் பிரட்டலும் முழுசா வராம ஒரு மருந்து இருந்தா உங்கட சொந்தப் பொக்கற்றில இருந்து எவ்வளவு குடுப்பீங்க எண்டு கேட்டது. நடுவான தொகை 56 டொலர். அண்டைக்கு உண்மையாப் பிரட்டல் வந்த ஆக்கள் 73 டொலர், சத்தி எடுத்த ஆக்கள் 100 டொலர். ஒருக்காப் பட்டவைக்குத்தான் அதின்ட விலை தெரியும், முந்திச் சத்தி எடுத்த அனுபவம் இருந்தவையும் கூடத்தான் சொன்னாங்க. அம்மா பட்டு வந்தவ, அதை மறக்க வேணாம்.

ஆனா இந்தக் கணக்குகளை எந்த அளவுக்கு நம்பலாம் எண்டதையும் சொல்லத்தான் வேணும். ரெண்டும் சின்ன ஆய்வுகள், ரெண்டும் அமெரிக்காவில நடந்தது, அதோட கற்பனைக் காசு வேற, கையில இருந்து எடுத்துக் குடுக்கிற காசு வேற. வருமானம் கூடினவை கூடத் தொகை சொன்னாங்க எண்டு அந்த 2001 ஆய்விலயே இருக்கு, அப்ப அது விருப்பத்தை மட்டும் இல்லை, வசதியையும் சேத்துத்தான் அளந்திருக்கு. எங்கட அரச ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம், நிலாவெளியில கடலுக்குப் போற ஒராளின்ட மனிசியிட்ட எத்தினை டொலர் குடுப்பீங்க எண்டு கேட்டா அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை. இன்னொண்டு, நோவு ஓரளவுக்கு அடங்கியிருக்கிற இடத்திலதான் சனம் சத்தியை முன்னுக்கு வைக்குது, நோவுக்கு ஒண்டுமே குடுக்காம விட்டா இந்த வரிசை அப்பிடியே நிக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். அதால "எல்லாரும் நோவை விடச் சத்திக்குத்தான் பயப்பிடுறாங்க" எண்டு ஒரேயடியாச் சொல்லேலாது. கனபேர் நோவுக்குச் சமனா, சில பேர் நோவை விடக் கூடவும் அதை வெறுக்கிறாங்க, அதில சந்தேகமே இல்லை.

பிறகேன் வாட்டில அப்பிடி ஒரு பதில் வந்தது? மயக்க மருந்து டொக்டர் நோயாளியைக் காணுறது தியேட்டரிலயும் பிறகு ரிக்கவரியில ஒரு அரை மணி, ஒரு மணித்தியாலமும்தான். அந்த நேரம் பிறஷர் நல்லா இருக்கு, மூச்சு நல்லா இருக்கு, ஆள் முழிச்சிட்டா, அவ்வளவு, வாட்டுக்கு அனுப்பிப்போட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடுவார். சத்தி கனபேருக்கு வாறது பின்னேரமும் இரவும், நோவுக்குப் போடுற ஊசியோட. அந்த நேரம் நிண்டு பாக்கிறது யார்? நேர்ஸ் மிஸ்ஸும் பக்கத்தில நிக்கிற மகளும். சட்டியை நாடிக்குக் கீழ பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால தலையணியை வெட்டின இடத்தில அமத்திக்கொண்டு, வயித்தில ஒண்டுமில்லாம மஞ்சள் தண்ணி மட்டும் வர வர ஓங்காளிக்கிற ஒராளைப் பாத்தவங்களுக்கு இதைச் சின்ன விசயம் எண்டு சொல்ல வாய் வராது. ஒவ்வொரு ஓங்காளத்துக்கும் தையல் இழுபடும். எங்கட வயசான அம்மாமார் அதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க, மிஸ்ஸுக்கு ஏன் கரைச்சல் எண்டு சீலைத் தலைப்பால வாயைத் துடைச்சுப்போட்டுப் படுத்திருப்பாங்க. விடிய ரவுண்ட்ஸில "எப்பிடி இருக்கிறீங்க" எண்டு கேட்டா "பரவாயில்லை டொக்டர்". அப்ப வாட்டில நோயாளியின்ட விபரம் எழுதுற டிக்கெட்டிலயும் ஒண்டும் எழுதுப்படாது, வீட்டுக்குப் போகேக்க குடுக்கிற டயக்னோசிஸ் கார்ட்டிலயும் வராது. சத்தியைத் தடுக்கக்கூடிய ஆளுக்கு அந்தச் சத்தி நடந்ததே தெரியாமப் போகுது. எனக்கு இதில உள்ள பெரிய கவலை இதுதான், மருந்து இல்லாததை விட இதாலதான் கனபேர் வீணாக் கஸ்டப்படுறாங்க.

இப்ப அம்மாவின்ட விசயத்துக்கு வாறன். ஆருக்குச் சத்தி வரும் எண்டு முன்கூட்டியே ஓரளவுக்குச் சொல்லலாம், அதுக்கு அப்ஃபெல் ஸ்கோர் எண்டு ஒரு சின்னக் கணக்கு 1999இல இருந்து பாவனையில இருக்கு. நாலே நாலு கேள்விதான். பொம்பிளையா, சிகரட் குடிக்காத ஆளா, முந்தி ஒப்பரேசனுக்குப் பிறகு சத்தி வந்ததா அல்லது பயணத்தில சத்தி வாற ஆளா, ஒப்பரேசனுக்குப் பிறகு மோர்ஃபின், பெதடின் மாதிரி ஊசி தேவைப்படுமா. ஒண்டுமே இல்லாட்டி 100 பேரில 10 பேருக்கு வரும், ஒண்டு இருந்தா 21, ரெண்டுக்கு 39, மூண்டுக்கு 61, நாலும் இருந்தா 79. அம்மாக்கு முதல் மூண்டும் கட்டாயம் இருக்கு, நாலாவதும் அநேகமா வரும். பித்தப்பை ஒப்பரேசனும், வயித்துக்குள்ள காத்தடிச்சுச் செய்யிற லெப்ரஸ்கோப்பியும் இந்தக் கரைச்சல் கூட வாற வகையள்தான். அப்ப "எல்லாருக்கும் வாறதுதான்" எண்டது அம்மாட விசயத்தில சரியான பதில் இல்லை. பொதுவாப் பாத்தா ஒப்பரேசன் செய்யிற மூண்டு பேரில ஒராளுக்குத்தான் வரும், அம்மா மாதிரி ஆக்கள் அஞ்சு பேர் போனா நாலு பேருக்கு வரும். சிகரட் குடிக்கிறவைக்கு ஏன் குறைவு எண்டு கேப்பீங்க, காரணம் இன்னும் தெளிவில்லை, அதுக்காக ஆரும் சிகரட் பத்தத் தேவையுமில்லை.

பயணக் கேள்வியை நான் எப்பவும் விட்டுவைக்கிறதில்லை. "முந்தி ஒப்பரேசனில சத்தி வந்ததா" எண்டு கேட்டா கனபேர் ஞாபகமில்லை எண்டுதான் சொல்லுவாங்க, "கொழும்புக்கு பஸ்ஸில போகேக்க எப்பிடி" எண்டு கேட்டுப் பாருங்க, ஹபரணை தாண்ட முதலே தேசிக்காயை மூக்கில வைச்சிருப்பன், ஷொப்பிங் பையும் மடியில இருக்கும் எண்டு விபரமாச் சொல்லுவாங்க. அந்தப் பதில் ஒரு ரத்தப் பரிசோதனை றிப்போட் அளவுக்கு எங்களுக்கு உதவும். கிளினிக்கில டொக்டர் கேக்காட்டியும் நீங்களாச் சொல்லுங்க.

மருந்துக்கு வருவம். மூளையின்ட அடித்தண்டில சத்தியைத் தூண்டுற ஒரு பகுதி இருக்கு, அதை செரட்டோனின், டோப்பமின், ஹிஸ்டமின் மாதிரி உடம்பிலயே இருக்கிற ரசாயனங்கள் பல வழியால தூண்டலாம், நாலு வாசல் உள்ள வீட்டில ஒண்டை மட்டும் பூட்டினா கள்ளன் மற்ற வாசலால வாற மாதிரித்தான். அதாலதான் ஒரே மருந்தைக் கூட்டிக் குடுக்கிறதை விட வேற வேற வகை மருந்தைச் சேத்துக் குடுக்கிறது. 2004இல 5000 பேருக்கு மேல சேத்துச் செய்த பெரிய ஆய்வில ஒண்டன்செற்றன் 4 மில்லிகிராம், டெக்ஸாமெதசோன் 4 மில்லிகிராம், ட்ரோபெரிடோல் 1.25 மில்லிகிராம், ஒவ்வொண்டும் ஆபத்தைக் கிட்டத்தட்டக் காவாசியால குறைச்சது, மூண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒண்டோட ஒண்டு சேத்தாலும் ஒவ்வொண்டும் மிச்சமிருக்கிறதில காவாசியைக் குறைக்கும். அம்மாவின்ட 79ஐ வைச்சுப் பாத்தா ஒரு மருந்தோட 58, ரெண்டோட 43, மூண்டோட 32 ஆகும். மயக்கத்துக்கு இழுக்கிற காஸுக்குப் பதிலா புரொபோஃபோலை நாளத்தால தொடந்து ஏத்தினா இன்னும் கொஞ்சம் குறையும். இது பெரிய கூட்டத்தின்ட சராசரி, அம்மாவுக்கெண்டு தனிய எழுதின எண் இல்லை, ஆனா ஒண்டுமே குடுக்காம விடுறதுக்கும் மூண்டு வழியால தடுக்கிறதுக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு விளங்கும். இந்தக் கணக்கில இருந்து இன்னொண்டும் தெரியுது, 10 சதவீத ஆபத்துள்ள ஒரு ஆம்பிளைக்கு அதே ஊசி போட்டா 10இல இருந்து 7க்கு மேலதான் வரும், அவருக்கு அவசரமில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போடுறதை விட ஆளைப் பாத்துப் போட வேணும் எண்டு நான் நினைக்கிறது அதாலதான். 2020இல வந்த சர்வதேச வழிகாட்டல், ரெண்டு காரணிக்கு மேல இருக்கிற ஆக்களுக்கு மூண்டு நாலு வகையைச் சேக்கச் சொல்லுது. அம்மா அதுக்குள்ளதான் வாறா.

காசு குடுக்க வேணுமா எண்டு கேட்டீங்க. அந்த 1999, 2001 ஆய்வுகள் ஏன் காசைப் பற்றிக் கேட்டது தெரியுமா, அந்தக் காலம் ஒண்டன்செற்றன் காப்புரிமையோட நல்ல விலைக்கு வித்த மருந்து, சத்திக்காக இவ்வளவு செலவழிக்கிறது ஞாயமா எண்டு ஆஸ்பத்திரிகள் யோசிச்சது. 2006இல அமெரிக்காவில காப்புரிமை முடிஞ்சு, இப்ப அது மலிவான சாதாரண மருந்து. டெக்ஸாமெதசோன் அதை விடப் பழசு, மலிவு, கொவிட் காலத்தில எல்லாரும் பேர் கேள்விப்பட்ட அதே மருந்துதான். அதால உங்களுக்கு வேண்டியது விலை கூடின ஊசி இல்லை, இந்த ரெண்டையும் சரியான நேரத்தில குடுக்க நினைக்கிற ஒராள். டெக்ஸாமெதசோன் தொடக்கத்திலயே, ஒண்டன்செற்றன் முடியிற நேரத்தில, அப்பிடிக் குடுத்தாத்தான் முழுப் பலன். 2022 மாதிரி மருந்துத் தட்டுப்பாடு வந்து வெளியில வாங்கச் சொன்னா, டொக்டர் எழுதித் தாற துண்டோட வாங்குங்க, நீங்களா ஃபாமசியில வாங்கிக்கொண்டு போய் நீட்ட வேணாம். அப்ரெபிட்டன்ட் எண்டு புதுசா நீண்ட நேரம் நிக்கிற ஒண்டும் இருக்கு, நல்ல மருந்து, விலை கூட, மலிவானதெல்லாம் பாவிச்ச பிறகுதான் நான் அதைப் பற்றி யோசிப்பன்.

சீனி வருத்தம் இருக்கிறதால டெக்ஸாமெதசோன் குடுக்கலாமா எண்ட பயம் வரும். ஒரு ஊசியால அண்டைக்கும் அடுத்த நாளும் சீனி கொஞ்சம் ஏறும், அது உண்மை. காயம் பழுக்கும் எண்டு பயந்தாங்க, 2021இல வந்த பெரிய ஆய்வு, 8000க்கு மேல ஆக்கள், நீரிழிவு உள்ளவையும் அதில இருந்தாங்க, 8 மில்லிகிராம் குடுத்தும் காயத் தொற்று கூடேல்லை எண்டு காட்டிச்சு. அதால சீனி நல்ல கட்டுப்பாட்டில இருந்தா நான் குடுக்கிற பக்கம்தான், கட்டுப்பாடில்லாம ஏறி நிண்டா வேற வகையைத் தெரிவு செய்வன். அம்மாட சீனி எவ்வளவில நிக்குது எண்டு நீங்க எழுதேல்லை, எழுதியிருந்தாலும் அதை முடிவெடுக்கிறது அம்மாவைப் பாக்கிற டொக்டர்தான். ஒண்டன்செற்றனால தலையிடியும் மலச்சிக்கலும் வரலாம், இதயத் துடிப்பில பிழை இருக்கிறவைக்கு ஈசிஜி பாத்துத்தான் குடுக்க வேணும்.

மருந்தில்லாத விசயங்களிலயும் சிலது உறுதி, சிலது அவ்வளவு உறுதியில்லை. நாளத்தால போதுமான சேலைன் ஏத்தினாச் சத்தி குறையும், இது உறுதி. நோவுக்கு பரசிட்டமோல், டைக்ளோஃபெனக் மாதிரி மருந்தும் காயத்தில விறைப்பு ஊசியும் சேத்துப் போட்டு மோர்ஃபின் வகையைக் குறைச்சாலும் குறையும், ஆனா அம்மாக்குச் சீனி இருக்கிறதால டைக்ளோஃபெனக்குக்கு முதல் கிட்னி நல்லா இருக்கா எண்டு பாப்பாங்க. முதல் நாள் இரவு பத்து மணியில இருந்து தண்ணிகூட வாயில வைக்காமக் காயவிடுறது பழைய பழக்கம், இப்பத்தைய வழிகாட்டல் திட உணவுக்கு 6 மணித்தியாலம், தண்ணி, பால் போடாத பிளேன்டீ மாதிரித் தெளிவான பானத்துக்கு 2 மணித்தியாலம் எண்டு சொல்லுது. பால்தேத்தண்ணி இதுக்குள்ள வராது. ஆனா நீண்ட கால நீரிழிவில வயிறு மெதுவா வெறுமையாகும், அதால நீங்களா நேரத்தைக் குறைக்க வேணாம், "கடைசியா எத்தினை மணிக்குத் தண்ணி குடிக்கலாம்" எண்டு கேட்டு அதின்படி செய்ங்க. மணிக்கட்டு மடிப்பில இருந்து மூண்டு விரல் அகலம் மேல, உள்பக்கம் கைக்குத் தட்டுப்படுற ரெண்டு தசைநாணுக்கு நடுவில அமத்துற முறையைப் பற்றி 50க்கு மேல ஆய்வு இருக்கு, கூட்டிப் பாத்தா உதவுது, தீங்கும் இல்லை, அம்மாக்குப் பழக்கி விடலாம். ஊசிக்கு முதல் துடைக்கிற அல்கஹோல் ஸ்வாப்பை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு ரெண்டு மூண்டு தரம் மணக்கிறதும் பிரட்டல் வந்த நேரம் கொஞ்சம் அமத்தும், ஆய்வு குறைவு, ஆனா நான் செய்ய விடுவன். இஞ்சியில பதில் கலந்துதான் வருது, தேவையெண்டா பிறகு குடிக்கலாம், பட்டினி நேரத்தில இஞ்சித் தேத்தண்ணி எண்டு ஆரும் குடுத்துப்போடாதீங்க.

இவ்வளவும் செய்தும் வரலாம், மூண்டில ஒண்டு எண்டுறது சின்ன எண் இல்லை, அதால "இந்த முறை வரவே வராது" எண்டு அம்மாக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க, "இந்த முறை முதல்லயே தடுக்கப் பாக்கிறாங்க, வந்தாலும் உடன ஊசி இருக்கு" எண்டு சொல்லுங்க. வந்தா உடன மிஸ்ஸிட்டச் சொல்ல வேணும், விடியட்டும் எண்டு இருக்கக்கூடாது. ஆறு மணித்தியாலத்துக்குள்ள அதே ஒண்டன்செற்றனைத் திரும்பப் போட்டாப் பிரயோசனம் குறைவு, வேற வகைதான் வேணும், இதை டொக்டரிட்ட நீங்க பணிவாக் கேக்கலாம், பிழையில்லை. ஆனா எல்லாச் சத்தியும் மயக்க மருந்தாலதான் எண்டும் நினைக்க வேணாம். வயிறு ஊதி இறுகுது, காத்துப் பிரியேல்லை, சத்தி பச்சையாவோ ரத்தமாவோ வருது, நோவு குறையாமக் கூடுது, காய்ச்சல், கண் மஞ்சளாகுது, ரெண்டாம் மூண்டாம் நாள் புதுசாத் தொடங்குது, இதில ஒண்டு இருந்தாலும் அது ஒப்பரேசன் செய்த டொக்டர் உடன பாக்க வேண்டிய விசயம். வீட்டுக்குப் போன பிறகெண்டா காத்திராம ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்க.

கிளினிக் நாளுக்கு அம்மாவோட நீங்களும் போங்க. பழைய டயக்னோசிஸ் கார்ட்டைக் கொண்டு போங்க, அதில சத்தி பற்றி எழுதியிருக்காது, அதால ஒரு துண்டில நீங்களே எழுதுங்க: எந்த வருசம் என்ன ஒப்பரேசன், சத்தி எப்ப தொடங்கினது, எவ்வளவு நேரம், என்ன ஊசி போட்ட பிறகு நிண்டது, பஸ்ஸில எப்பிடி. டொக்டர் சிங்களம் கதைக்கிறவர் எண்டா "வமனே" எண்டு சொன்னாலே விளங்கும். "அம்மா ஒப்பரேசனே வேணாம் எண்டு சொல்லுறதுக்குக் காரணம் இதுதான்" எண்ட வசனத்தையும் கட்டாயம் சொல்லுங்க, ஏனெண்டா பித்தப்பைக் கல்லை விட்டுவைச்சு அது நாளைக்குப் பழுத்து, இல்லாட்டிக் குழாயை அடைச்சு அவசரத்தில வெட்டுறது சத்தியை விடக் கனக்கக் கரைச்சல், அதை எந்த டொக்டரும் விரும்பமாட்டார். சொன்னதை டிக்கெட்டில எழுதச் சொல்லிக் கேளுங்க, எழுதினாத்தான் ஒப்பரேசன் அண்டைக்கு வாற வேற டொக்டரும் காணுவார். வீட்டுக்கு விடுற நாள் தொலைதூரம் வாகனத்தில போறதெண்டா அதுக்கும் ஒரு குளுசை கேட்டு வாங்குங்க, கனபேருக்கு ரோட்டிலதான் திரும்பத் தொடங்கிறது. டொக்டர் சொல்லுற மருந்துப் பேர் விளங்காட்டி இங்க எழுதுங்க, அது என்ன, என்னத்துக்கு எண்டு சொல்லுறன்.